ஒரு யூனிட்டின் கணக்கு



ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும். பள்ளியில் இதை மனப்பாடம் செய்யாதவர் இந்த அரங்கில் இருக்க வாய்ப்பில்லை. அதே பள்ளியின் சுற்றுச்சுவரில் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். இரண்டையும் படிக்கிற பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தாக வேண்டும். அழியவே அழியாத ஒன்றை எதற்காகச் சேமிக்க வேண்டும்? அது எங்கே போய்விடப் போகிறது? வகுப்பில் இப்படிக் கேட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கேள்வி குறும்புக் கேள்வி அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த மூளைகள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி. இன்றைய என் உரை அதற்கான பதில்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதால் நமக்குத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். நீலகிரியின் பைக்காரா. அங்கே 1932இல் மின் உற்பத்தி தொடங்கியது. மலைமேல் தேக்கிய தண்ணீர் இரும்புக் குழாய்களில் சுமார் 3,000 அடி இறங்கி, அடிவாரத்தில் உள்ள சிங்காரா மின்நிலையத்துக்கு வருகிறது. கோவையில் பஞ்சாலைகள் பெருகியதற்கும், மாடு கட்டிக் கவலை இறைத்த கொங்கு நாட்டுக் கிணறுகளில் மின் மோட்டார் உட்கார்ந்ததற்கும் பைக்காரா மின்சாரம் பெரிய காரணம். மலையில் தண்ணீர் இறங்கியது. சமவெளியில் தண்ணீர் ஏறியது. இந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆற்றலின் இயற்பியல் முழுவதும் வந்துவிடும்.

முதலில் இறங்குகிற தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அது 3,000 அடி, அதாவது ஏறத்தாழ 914 மீட்டர் இறங்கும்போது தரக்கூடிய ஆற்றல் சுமார் 9,000 ஜூல். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பாருங்கள்: ஒரு யூனிட்டுக்கு 400 லிட்டர் தண்ணீர் மலையிறங்கியாக வேண்டும். இரண்டு டிரம் தண்ணீர் 3,000 அடி விழுந்தால் ஒரு யூனிட். எதுவும் வீணாகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு; வீணாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தண்ணீர் மலைமேல் எப்படிப் போனது? சூரியன் கொண்டுபோய் வைத்தது. கடல் தண்ணீரில் ஒரு லிட்டரை ஆவியாக்கச் சூரியன் செலவழிப்பது சுமார் 24 லட்சம் ஜூல். அந்த ஆவி தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. ஆவி மறுபடி நீராகும்போது, வாங்கிய வெப்பம் முழுவதையும் மேகத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறது. அந்த வெப்பம் காற்றைச் சூடாக்கி மேலும் மேலும் உயரத் தள்ளுகிறது. பருவமழை என்ற மாபெரும் இயந்திரம் ஓடுவதே அதனால்தான். கடைசியில் பைக்காரா குழாயில் நமக்குக் கிடைப்பது லிட்டருக்கு 9,000 ஜூல். சூரியன் போட்ட முதலில் 270இல் ஒரு பங்கு! பாக்கி மேகத்தில், காற்றில், இடியில், அலையில் போயிற்று. நாம் ‘இயற்கையின் கொடை’ என்று சொல்லும் நீர்மின்சாரம் சூரியன் நடத்தும் பெரிய வரவுசெலவின் ஓரத்தில் சிந்துகிற துளி.

இனி குழாய்க்குள் வருவோம். அடியில் வந்து சேரும் தண்ணீரின் மேல் 900 மீட்டர் உயரத் தண்ணீரின் கனம் உட்கார்ந்திருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. அந்தத் தண்ணீரைக் குறுகிய வாய் வழியாகப் பீய்ச்சினால், உராய்வைக் கழிக்காமல் கணக்கிட்டால், மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். எதிரே பெல்டன் சக்கரம். அதன் விளிம்பு முழுக்க இரட்டைக் கிண்ணங்கள், நடுவில் ஒரு கூரான வரப்பு. தாரை வரப்பில் பட்டு இரண்டாகப் பிளந்து, கிண்ணத்தின் வளைவில் திரும்பி, வந்த திசைக்கே வெளியேறுகிறது. தாரையின் வேகத்தில் பாதி வேகத்தில் சக்கரம் சுற்றும்படி வைத்திருப்பார்கள். அதில்தான் சூட்சுமம். கிண்ணம் பின்வாங்கும் வேகமும் தண்ணீர் திரும்பும் வேகமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, வெளியே வரும் தண்ணீர் ஏறக்குறைய அசைவற்று, சோர்ந்து, தொப்பென்று கீழே விழுகிறது. மணிக்கு 480 கிலோமீட்டரில் வந்த தண்ணீர் அடுத்த கணம் நடக்கக்கூடத் தெம்பில்லாமல் விழுவதைப் பார்ப்பதைவிட ஆற்றல் மாற்றத்துக்கு நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதனிடம் இருந்தது அத்தனையும் சக்கரத்துக்குப் போய்விட்டது.

சக்கரத்தின் அச்சில் ஜெனரேட்டர். காந்தம் சுற்றுகிறது, கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. யாரும் மின்சாரம் எடுக்காதபோது அச்சு லேசாகச் சுற்றும். தொலைவில் ஒருவர் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் அச்சு கனக்கும். அதே வேகத்தில் சுற்ற வேண்டுமென்றால் கூடுதல் தண்ணீர் பாய்ந்தாக வேண்டும். மின்சாரத்தை ஊருக்கு ஊர் குவித்து வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல ஊர்களின் மின்நிலையங்கள் ஒரே கட்டமைப்பில் இணைந்திருக்கும் இந்தக் காலத்திலும், நீங்கள் சுவிட்சைத் தட்டும் அதே நேரத்தில் எங்கோ ஒரு சக்கரம் உங்களுக்காக அதிகம் உழைக்கிறது.

இனி ஏறுகிற தண்ணீர். கோவைக்குப் பக்கத்தில் 100 அடிக் கிணறு என்று வைத்துக்கொள்வோம். 3,000 அடிக்கு 100 அடி முப்பதில் ஒரு பங்கு. எனவே மலையில் இறங்கிய 400 லிட்டர் தண்ணீர், எதுவும் சிந்தாமல் இருந்தால், கிணற்றிலிருந்து 12,000 லிட்டரை மேலே கொண்டுவர வேண்டும். நடைமுறையில் என்ன வரும்? குழாய், டர்பைன், ஜெனரேட்டர் மூன்றும் சேர்ந்து 85 சதவீதம் தருகின்றன, கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் கடந்து அதில் 85 சதவீதம் வந்து சேர்கிறது, பழைய மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதம் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 29 சதவீதம். கிணற்று மேட்டில் வந்து விழுவது சுமார் 3,500 லிட்டர். மீதி 8,500 லிட்டரை ஏற்றியிருக்க வேண்டிய ஆற்றல் எங்கே?

ஓடி முடித்த மோட்டாரின் மேல் கையை வைத்துப் பாருங்கள், சுடும். டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் சுடும். கண்ணுக்குத் தெரியாமல் நூறு மைல் கம்பியும் சற்றுச் சூடாகியிருக்கும். குழாயின் உட்சுவரில் உரசிய தண்ணீரும் சூடாகியிருக்கும். ஆற்றல் அங்கேதான் இருக்கிறது, வெப்பமாக.

இன்று இப்படிச் சொல்வது எளிது. சூடும் உழைப்பும் ஒரே சரக்கு என்று ஒத்துக்கொள்ள உலகத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள், சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு ஒழுகுகிறது என்றுதான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலோர் நம்பினார்கள். 1789இல் லவாய்சியே வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் வெப்பமும் ஒரு தனிமமாக இடம்பெற்றது. அமெரிக்காவில் பிறந்து பவேரியாவில் பணியாற்றிய ரம்ஃபோர்டு பிரபு மியூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கிகளைக் குடைவதை மேற்பார்த்தவர். குடையும்போது உலோகம் ஓயாமல் சூடாவதைக் கண்டு, மழுங்கிய துளைகருவியை வைத்து, பீரங்கியைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் அமர்த்தி, குதிரைகளைக் கட்டிச் சுற்ற வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் அவ்வளவு தண்ணீர் கொதித்ததைக் கண்டு சுற்றி நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். 1798இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்: சுற்றச் சுற்ற வெப்பம் வற்றாமல் வருகிறது, வற்றாமல் வருவது ஒரு பொருளாக இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

அடுத்தவர் ஒரு கப்பல் மருத்துவர். ஜெர்மனியின் ஹைல்ப்ரான் ஊரைச் சேர்ந்த ராபர்ட் மயர். 1840இல் டச்சுக் கப்பலில் ஜாவாவுக்குப் போனார். அந்தக் கால வழக்கப்படி மாலுமிகளுக்குச் சிரையைக் கீறி இரத்தம் எடுத்தபோது, சிரை இரத்தம் எதிர்பாராத அளவுக்குச் செக்கச்செவேலென்று இருந்தது. தவறிப்போய்த் தமனியைக் கீறிவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்க அதிகம் எரிக்கத் தேவையில்லை, அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று அவர் ஊகித்தார். அங்கிருந்து அவர் மனம் தாவிய தூரம் பெரிது. உண்ட சோறு உடலுக்குச் சூட்டைத் தருகிறது. கைகால்களுக்கு உழைப்பையும் தருகிறது. ஒரே சோறு இரண்டையும் தருகிறதென்றால் சூடும் உழைப்பும் ஒன்றுக்கொன்று நிர்ணயித்த விகிதத்தில் மாறக்கூடியவையாக இருக்க வேண்டும்! அவர் அனுப்பிய முதல் கட்டுரையை இயற்பியல் இதழ் ஒன்று கண்டுகொள்ளவே இல்லை. 1842இல் ஒரு வேதியியல் இதழில் அடுத்த கட்டுரை வந்தது. பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை; குடும்பத்தில் இழப்புகளும் சேர்ந்துகொண்டன; 1850இல் அவர் சன்னலிலிருந்து குதித்து உயிர்விட முயன்றார். பிழைத்தார். ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1871இல் அவரைத் தேடி வந்தது. அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துகிற வாழ்க்கைகளில் மயருடையதும் ஒன்று.

மயர் ஊகித்த விகிதத்தை அளந்து நிறுவியவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம் அவருடையது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை. அவருடைய துடுப்புச் சக்கரச் சோதனையைப் பாடப்புத்தகத்தில் ஒரு படமும் நான்கு வரியுமாக முடித்துவிடுகிறார்கள். அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

செம்புப் பாத்திரத்தில் ஆறரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். உள்ளே பித்தளைத் துடுப்புகள். தண்ணீர் மொத்தமாகச் சேர்ந்து சுற்றிவிடாமல் இருக்கப் பாத்திரத்தின் சுவரிலிருந்து நிலையான தடுப்புகள். துடுப்பின் அச்சில் கயிறு. கயிற்றின் இரு முனைகளிலும் கப்பி வழியாகத் தொங்கும் இரண்டு ஈயக் கட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 13 கிலோ. கட்டிகள் 1.6 மீட்டர் மெல்ல இறங்கும். துடுப்பு தண்ணீரைக் கலக்கும். மறுபடி கட்டிகளைச் சுற்றி மேலேற்றி இறக்க வேண்டும். இப்படி 20 முறை. ஒரு சோதனைக்கு 35 நிமிடம். இத்தனைக்கும் பிறகு தண்ணீரில் ஏறும் சூடு பாரன்ஹீட்டில் அரை டிகிரியைச் சற்றே தாண்டும். நம் கணக்கில் 0.3 டிகிரி. பக்கத்தில் நிற்கிற மனிதனின் உடற்சூடே அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் தனக்கும் பாத்திரத்துக்கும் நடுவே பெரிய மரத்தட்டி ஒன்றை நிறுத்திக்கொண்டார். பாரன்ஹீட் டிகிரியில் 200இல் ஒரு பங்கை வாசிக்கத்தக்க வெப்பமானிகள் அவரிடம் இருந்தன. கயிற்றின் விறைப்பு, கப்பியின் உராய்வு, கட்டி தரையில் படும்போதுள்ள வேகம் எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து கழித்தார். தண்ணீரோடு நிற்கவில்லை, பாதரசத்தைக் கலக்கினார், இரும்புத் தகடுகளை உரச வைத்தார். எதை எப்படிச் செய்தாலும் விடை ஒன்றையே சுற்றி வந்தது. 1850இல் அவர் வெளியிட்ட முடிவு: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க, 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்க வேண்டும். இன்றைய மதிப்பு 778. ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை. அவருடைய கல்லறையில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. இந்தக் கருத்தை ஜூல் விரிவாக எடுத்துச் சொன்னது, 1847 ஏப்ரலில் மான்செஸ்டரில் ஒரு தேவாலயத்தின் படிப்பகத்தில் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவில். உள்ளூர்ச் செய்தித்தாள்தான் அதை முழுமையாக அச்சிட்டது. சில வாரம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் கூட்டத்தில் பேசியபோது, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் என்ற 23 வயது இளைஞர் அதைக் கூர்ந்து கேட்டார். அதன் பிறகுதான் அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது.

நயாகரா அருவியின் தண்ணீர் விழுந்து அடங்கிய இடத்தில் ஐந்தில் ஒரு பாரன்ஹீட் டிகிரி கூடுதல் சூட்டோடு இருக்கும் என்று ஜூல் கணக்கிட்டுச் சொன்னார். அதே கணக்கைப் பைக்காராவுக்குப் போடுங்கள். 3,000 அடி அருவியாக விழுந்து, வழியில் காற்றிடம் எதையும் இழக்காமல் வந்தால், தண்ணீர் 2 டிகிரி செல்சியஸ் சூடாகும். அவ்வளவுதான், கையை விட்டால் வித்தியாசம் தெரியாது. அந்த 2 டிகிரியாக வீணே போயிருக்க வேண்டியதைத்தான் சக்கரம் வைத்துப் பிடித்து, கம்பியில் ஏற்றி, கோவைக்கு அனுப்பி, மில் ஓட்டினோம்.

நம் உடம்பும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ளவர் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறினால் அவர் உடம்பு பெறும் உயரத்தின் ஆற்றல் 12 கிலோ கலோரிகூட இல்லை. தசைகள் வாங்குவதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் செலவு 47 கிலோ கலோரி ஆகிறது. ஏறத்தாழ ஓர் இட்லி. முக்கால் இட்லி வியர்வையும் சூடுமாகப் போயிற்று. இந்த அரங்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறோம். அரங்கம் நிறையும்போது புழுங்குவதற்குக் காரணம் அதுதான்.

ஆற்றல் அழியாது என்ற இந்த விதி ஒருமுறை கவிழப் பார்த்தது. அணுக்கருவிலிருந்து எலெக்ட்ரான் வெளிவரும் பீட்டா சிதைவில், போன ஆற்றலுக்கும் வந்த ஆற்றலுக்கும் கணக்கு உதைத்தது. 1914இல் சாட்விக் அதை அளந்து காட்டியிருந்தார். ஆண்டுகள் போயின, துண்டு விழுந்த கணக்கு நேராகவில்லை. அணுவுக்குள் ஆற்றல் அழியாமை விதியையே கைவிட வேண்டுமோ என்று நீல்ஸ் போர் போன்ற மாமேதையே பேசத் தொடங்கிவிட்டார். 1930 டிசம்பரில் உல்ஃப்காங் பௌலி ஒரு கடிதம் எழுதினார். கண்ணில் படாத, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் மீதி ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது என்பது அவர் துணிபு. விதியைக் காப்பாற்ற ஒரு துகளையே கற்பித்தார்! அந்த நியூட்ரினோ ஆய்வகத்தில் சிக்கியது 1956இல். அண்டவெளிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோக்கள் 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பதிவாயின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த வேலை அது. அந்தச் சுரங்கங்களைத் தோண்டியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் என்பதையும் இங்கே நினைவுகூர்கிறேன்.

இந்த விதி ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது? எம்மி நோதர் என்ற கணித மேதை 1918இல் அதற்குக் காரணம் சொன்னார். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாக இருந்தால், ஆற்றலின் மொத்தம் மாறாமல் இருந்தே தீரும். இதற்குமேல் இன்று அதற்குள் போக நேரமில்லை. கல்லூரி மாணவர்கள் தேடிப் படியுங்கள், அவ்வளவு அழகான கணிதம்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். அழியாததை ஏன் சேமிக்க வேண்டும்?

ஒரு யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 860 லிட்டர் தண்ணீர் நிறைந்த தொட்டியில் ஹீட்டரைப் போட்டு அந்த யூனிட்டைச் செலவழித்தால் தண்ணீர் சரியாக ஒரு டிகிரி சூடாகும். 36 லட்சம் ஜூலும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, ஒரு ஜூல்கூடக் குறையவில்லை. இப்போது அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி எடுங்கள் பார்ப்போம். இந்த உலகத்தில் யாரும் இதுவரை செய்யாத, உராய்வே இல்லாத, குறையே இல்லாத இயந்திரத்தை நீங்கள் செய்தாலும், கிடைப்பது 6,000 ஜூல். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. தரையில் கொட்டிய எண்ணெயின் நிலைமைதான்: அளவு அப்படியே இருக்கிறது, வழித்தெடுக்க வழியில்லை.

இதைக் கண்டுபிடித்த வழி பிரான்சின் சாதி கார்னோவிடம் தொடங்குகிறது. நீராவி இயந்திரத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று 1824இல் ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 28. 36 வயதில் காலராவில் இறந்துபோனார். வெப்பத்திலிருந்து வேலை வாங்க வேண்டுமென்றால் சூடான இடமும் வேண்டும், குளிர்ந்த இடமும் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடுதான் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. ஜூலின் விதியையும் கார்னோவின் விதியையும் 1850இல் இணைத்தவர் கிளாசியஸ். ஆற்றல் சிதறும் அளவுக்கு 1865இல் என்ட்ரோபி என்று பெயரிட்டவரும் அவரே. ஆற்றலின் மொத்தம் மாறாது, சிதறல் கூடிக்கொண்டே போகும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் முழு உண்மை. பள்ளியில் பாதியை மட்டும் சொல்லி அனுப்புகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

நிலக்கரி மின்நிலையத்துக்குப் போனால் இது கண்கூடு. நீராவி 540 டிகிரி, குளிர்விக்கும் இடம் 40 டிகிரி என்றால் கார்னோவின் உச்சவரம்பு 61 சதவீதம். உண்மையில் கிடைப்பது 35லிருந்து 40 சதவீதம். ஒரு யூனிட் நம் வீட்டுக்கு வர ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தை எரிக்கிறார்கள். மீதியைத் தூத்துக்குடியில் கடல்நீர் வாங்கிக்கொள்கிறது. நெய்வேலியில் குளிர்விப்புக் கோபுரங்களின் உச்சியிலிருந்து வெண்மையாகக் காற்றில் கலக்கிறது. அதைப் பொறியாளர்களின் கையாலாகாத்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி இயற்கை வாங்கும் வரி. எந்த அரசாலும் தள்ளுபடி செய்ய முடியாத வரி.

மலையில் நிற்கும் தண்ணீரும் மின்சாரமும் உயர்ந்த தரம். அவற்றை முழுவதுமாக எந்த வடிவத்துக்கும் மாற்றலாம். வெதுவெதுப்பான காற்றும் தண்ணீரும் கடைசித் தரம். நாம் கட்டும் கரண்ட் பில் அந்தத் தரத்துக்கான விலை. பிரிட்ஜ், மிக்ஸி, விளக்கு, டிவி, மோட்டார் எதை ஓட்டினாலும், மீட்டரில் ஓடியது ஏறக்குறைய முழுவதும் அறையின் காற்றிலும் சுவரிலும் சூடாகக் கிடக்கிறது. பில் கட்டியும் அது நம் வீட்டைவிட்டு உடனே போகவில்லை. அதைக் கொண்டு ஒரு கொசுவத்தி இயந்திரத்தைக்கூட ஓட்ட முடியாது என்பதுதான் விஷயம். அதனால்தான், 40 சதவீதத்தில் ஓடும் பழைய பம்புசெட்டை மாற்றி 60 சதவீதத்தில் ஓடும் பம்பு வைப்பது மலைமேல் புதிதாக ஓர் அணை கட்டுவதற்கு ஒப்பான வேலை என்று நான் எங்கும் சொல்வேன். 400 லிட்டர் மலைநீரில் 3,500 லிட்டர் இறைத்த கிணறு அப்போது 5,200 லிட்டர் இறைக்கும்.

ஆனைமலையில் உள்ள காடம்பாறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு நிறைவடையாது. மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த 400 மெகாவாட் நிலையம் அது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணைத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு மேலேற்றுகிறார்கள். தட்டுப்பாடான நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றும்போது மோட்டாராகவும் பம்பாகவும் இருந்த இயந்திரமே இறக்கும்போது ஜெனரேட்டரும் டர்பைனும் ஆகிறது. இத்தகைய நிலையங்களில் பொதுவாக 100 யூனிட் போட்டால் 70 முதல் 80 யூனிட் திரும்ப வரும். நட்டமான வியாபாரம் என்று தோன்றும். ஆனால் ஏற்றாமல் விட்டிருந்தால் காற்றாலையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், சூரியத் தகட்டின் மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். நூறும் போவதற்கு இருபத்தைந்து போவது மேல். முப்பந்தலில் காற்றும் கமுதியில் வெயிலும் நம் வசதியைக் கேட்டு வருவதில்லை. மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும்போது வெயில் இருக்காது. அதனால் இந்த வகை நிலையங்கள் நமக்கு இன்னும் பல வேண்டும். நீலகிரியில் குந்தாவில் ஒன்றைக் கட்டிவருகிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஜூலைப் போல் செம்புப் பாத்திரமும் துடுப்பும் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளத்துக்குச் சற்று அதிகமான பிவிசி குழாயும், சைக்கிள் கடையில் கிடைக்கும் சின்ன பால்ரஸ் குண்டுகள் அரைக் கிலோவும், இரண்டு தக்கைகளும், பத்தில் ஒரு டிகிரி காட்டும் வெப்பமானியும் போதும். குண்டுகளின் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் போட்டு இருபுறமும் அடைத்து, முனைகளில் கைச்சூடு ஏறாதபடி துணியைச் சுற்றிப் பிடித்து, குழாயைச் செங்குத்தாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். குண்டுகள் மொத்தமாக விழ வேண்டும், உருளக் கூடாது. இப்படி நூறு முறை. நூறு மீட்டர் விழுந்த இரும்பு 2 டிகிரியைச் சற்றே தாண்டிச் சூடாக வேண்டும் என்கிறது கணக்கு. உங்கள் வெப்பமானி ஒன்றரை டிகிரிதான் காட்டும் என்று நினைக்கிறேன். மீதி எந்த வழியில் வெளியேறியது என்பதைக் குழாயின் சுவர், தக்கை, சத்தம் என்று ஒவ்வொன்றாக அளந்து, முடிந்தவரை கணக்கில் கொண்டுவந்து எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்கள் அவற்றை எனக்கு அனுப்பினால் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுவேன்.